தோட்டப் பூச்சிகளைத் தடுக்கும் எளிய முறைகள்

வயலில் விளையும் காய்கறி சந்தைக்குச் சென்று, சில நாட்கள் கழித்தே உணவாகிறது. வீட்டுக் கொல்லையிலும் பள்ளித் தோட்டத்திலும் விளைவதோ காலையில் பறிக்கப்பட்டு நண்பகலில் உண்ணப்படுகிறது. செடிகளுக்கு நீர் ஊற்றுவோரும் காய் பறிப்போரும் பெரும்பாலும் சிறுவர்களே. ஆகவே இத்தகைய தோட்டங்களில் கொடிய நஞ்சுகளுக்கு இடமில்லை. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து கலந்திருந்ததே அதற்குக் காரணம். பள்ளி வளாகத்தில் இத்தகைய மருந்துகளை வைத்திருத்தலே ஆபத்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

வீட்டில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே தோட்டப் பூச்சிகளைப் பெருமளவு தடுக்க இயலும். எனினும், எந்தப் பூச்சிக்கு எந்த முறை என்பதை அறியாமல் தெளித்தால் உழைப்பு வீணாகும்.

பூச்சி உண்ணும் விதம்

செடிகளைத் தாக்கும் பூச்சிகளை அவை உண்ணும் விதத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம். அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவை சாற்றை உறிஞ்சுவன. இவற்றால் இலைகள் சுருண்டு மஞ்சளாகும். புழுக்களும் வண்டுகளும் இலைகளைக் கடித்துத் தின்பன. இலையில் துளைகளோ, நரம்பு மட்டும் எஞ்சிய சல்லடைத் தோற்றமோ காணப்படும். மூன்றாம் வகை, தண்டையும் காயையும் துளைத்து உள்ளே வாழ்வன. வெளியே தெளிக்கும் எதுவும் இவற்றை எளிதில் எட்டாது.

சோப்புக் கரைசல்

உறிஞ்சும் பூச்சிகளுக்குச் சோப்புக் கரைசல் ஏற்றது. சாதாரணச் சலவைச் சோப்புக் கட்டியை 10 கிராம் சீவி ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். சலவைத் தூள் கூடாது. அது இலையைக் கருக்கக்கூடும். சோப்பு, பூச்சியின் உடல்மேல் உள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து, உடலின் நீர்ச்சத்தை இழக்கச் செய்கிறது. கரைசல் பூச்சியின் மீது நேரடியாகப் பட்டாலன்றிப் பயனில்லை. உலர்ந்தபின் அதற்கு ஆற்றல் இராது. எனவே இலைகளின் அடிப்புறம் நன்கு நனையுமாறு தெளித்தல் வேண்டும். முதலில் இரண்டொரு இலைகளில் தெளித்து, மறுநாள் தீங்கின்மையை உறுதி செய்துகொண்டு, பின்னரே செடி முழுவதற்கும் தெளிப்பது நலம்.

வேப்பங்கொட்டைச் சாறு

1962-ஆம் ஆண்டில் தில்லியில் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் இறங்கியபோது, வேப்பம் பருப்புக் கலவை தெளிக்கப்பட்ட பயிர்களை அவை உண்ணாது விடுத்தன. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் எஸ். பிரதானும் அவருடன் பணியாற்றியோரும் நடத்திய இச்சோதனை உலகின் கவனத்தை வேம்பின்பால் ஈர்த்தது. இவ்வாற்றலுக்கு முதன்மைக் காரணமான அசாடிராக்டின் என்னும் பொருள் 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இது இலையைவிட விதையிலேயே மிகுதியாக உள்ளது.

பத்து லிட்டர் சாற்றுக்கு 500 கிராம் வேப்பம் பருப்பு தேவை. நிழலில் உலர்த்திச் சேமித்த, 3 மாதத்திற்குக் குறையாததும் 8 மாதத்திற்கு மேற்படாததுமான விதையே ஏற்றது. பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மேலும் நீர் விட்டுப் பத்து லிட்டராக்குதல் வேண்டும். வெயிலில் இதன் ஆற்றல் குன்றுமாதலால் மாலையில் தெளிப்பதே முறை. தேனீக்களின் நடமாட்டமும் அவ்வேளையில் குறைவு. அன்றன்று தயாரித்ததையே பயன்படுத்தல் வேண்டும்.

இச்சாறு பூச்சியை உடனே கொல்வதன்று. உண்ணும் விருப்பத்தைக் கெடுத்து, புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. மறுநாளும் புழு உயிரோடிருப்பதைக் கண்டு முறை பயனற்றது என முடிவு செய்தலாகாது. சில நாட்கள் கழித்துப் புதிய இலைகளில் சேதம் குறைந்துள்ளதா என்பதையே நோக்க வேண்டும்.

கையால் அகற்றுதல்

கத்தரி இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகள் கூட்டமாகக் காணப்பட்டால் அவற்றை நசுக்கிவிடலாம். அவை புள்ளி வண்டின் முட்டைகளாக இருக்கலாம். ஆனால் பொறிவண்டும் இவ்வாறே மஞ்சள் முட்டைகளை இடும். அசுவினி மொய்த்துள்ள செடியில் காணும் முட்டைகளை விட்டுவைத்தல் நன்று. அசுவினியைத் தின்று நன்மை செய்யும் பொறிவண்டின் முதுகு பளபளப்பாயிருக்கும். இலையைச் சுரண்டும் புள்ளி வண்டின் முதுகு நுண்ணிய மயிரடர்ந்து மங்கலாயிருக்கும். இவ்வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்டுதல் அவசியம்.

கத்தரியின் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று பொருள். வாடிய பகுதியைச் சற்றுக் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிட வேண்டும். துளையுள்ள காய்களையும் அவ்வாறே அகற்றலாம். பூசணி, சுரை நாற்றுகளைத் தின்னும் சிவப்பு வண்டுகள் அதிகாலையில் மந்தமாயிருக்கும்; அப்போது எளிதில் பிடிக்கலாம். பனி ஈரம் உலருமுன் இலைகளில் விறகுச் சாம்பலைத் தூவுதலும் வழக்கம். மழை பெய்தால் மீண்டும் தூவ வேண்டும்.

எச்சரிக்கை

வீட்டில் செய்தது என்பதனாலேயே ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. புகையிலைக் கஷாயம் பழங்காலந்தொட்டு வழங்கி வருவதாயினும், அதிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடலினுள் செல்லும் நஞ்சு. புகையிலையில் உள்ள தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் பரவவும் கூடும். ஆதலின் பள்ளித் தோட்டங்களில் இதனைத் தவிர்த்தல் வேண்டும். பூண்டு, மிளகாய்க் கரைசலின் பயன் ஒரே சீராயிருப்பதில்லை. கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். எதைத் தெளித்தாலும் காய்களை நன்கு கழுவியபின் சமைத்தல் வேண்டும்.

ஒரு பாத்தியில் வேப்பஞ்சாறும், அடுத்த பாத்தியில் வெறும் நீரும் தெளித்து, வாரந்தோறும் பத்து இலைகளில் உள்ள பூச்சிகளை மாணவர்களைக் கொண்டு எண்ணச் செய்து அட்டவணையில் குறித்துவரலாம். இரண்டு பாத்திகளிலும் செடியின் வகையும் வயதும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தங்கள் ஊரில் எம்முறை பயன் தருகிறது என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் இவ்வட்டவணையிலிருந்து தாமே அறிந்து, அண்டை விவசாயிகளுக்கும் எடுத்துரைக்க இயலும்.