14.2 கிலோ என்றால் 14 கிலோ 2 கிராமா? குழந்தைகள் தடுமாறும் அளவு கணக்கு.. வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது எப்படி?

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ என்று எழுதியிருக்கும். நாலாவது, அஞ்சாவது படிக்கும் உங்கள் பிள்ளையிடம், "இதுல 14 கிலோவுக்கு மேல எத்தனை கிராம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். 2 கிராம் என்றோ 20 கிராம் என்றோ பதில் வரலாம். சரியான விடை 200 கிராம்.

'ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிராம்' என்று மனப்பாடமாகச் சொல்லும் குழந்தைகூட இங்கே தடுமாறுவது ஏன்? எப்படிப் புரியவைப்பது? பார்க்கலாம்.

குழப்பம் எங்கே வருகிறது?

இரண்டு இடங்களில். முதலாவது, "பெருக்கணுமா, வகுக்கணுமா?" என்ற சந்தேகம். இரண்டாவது, தசமப் புள்ளி.

குழந்தைகள் புள்ளி வைத்த எண்ணை அதிகம் பார்ப்பது பணத்தில்தான். 2.50 ரூபாய் என்றால் 2 ரூபாய் 50 பைசா. அதே பழக்கத்தில் 2.50 கிலோவை '2 கிலோ 50 கிராம்' என்று படித்துவிடுகிறார்கள். ஆனால் ரூபாய்க்கு 100 பைசா, கிலோவுக்கு 1000 கிராம். அதனால் 2.50 கிலோ என்பது இரண்டரை கிலோ. 2 கிலோ 50 கிராமை 2.050 என்றுதான் எழுத வேண்டும்.

பெயரிலேயே இருக்கு கணக்கு

கிலோ என்றால் ஆயிரம் மடங்கு. சென்டி என்றால் நூறில் ஒரு பங்கு. மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த மூன்று சொல் புரிந்தால் மீட்டர், கிராம், லிட்டர் மூன்றுக்கும் தனித்தனியாக மனப்பாடம் தேவையில்லை. கிலோமீட்டர் 1000 மீட்டர், கிலோகிராம் 1000 கிராம். அவ்வளவுதான்.

இது எவ்வளவு சுலபம் என்பது பழைய அளவுகளைப் பார்த்தால் தெரியும். நம் தாத்தா, பாட்டி காலத்து கணக்கில் 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு எண். 1956-ல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகளை இந்தியா படிப்படியாகக் கொண்டுவந்தது. அதன்பிறகு எல்லாமே 10, 100, 1000 கணக்குதான்.

சொல்லிக்கொடுக்க 4 வழிகள்

1. முதலில் கையில் கொடுங்கள்: நோட்டை எடுப்பதற்கு முன் பொருளை எடுங்க. இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட் சேர்ந்தால் 1000 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. தையல் டேப்பின் நீளம் 150 செ.மீ., அதாவது ஒன்றரை மீட்டர். அளவு மனசில் பதிந்துவிட்டால், தப்பான விடை வரும்போது குழந்தைக்கே உறுத்தும்.

2. 'கூடுமா, குறையுமா?' என்று கேளுங்கள்: 500 ரூபாய் நோட்டை 10 ரூபாயாகச் சில்லறை மாற்றினால் 50 நோட்டு கிடைக்கும். மதிப்பு அதேதான், எண்ணிக்கை மட்டும் கூடுது. அளவும் அப்படித்தான். பெரிய அலகிலிருந்து சின்ன அலகுக்குப் போனால் எண் கூடும், பெருக்க வேண்டும். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போனால் எண் குறையும், வகுக்க வேண்டும். 3 மீட்டர் 300 செ.மீ. ஆகும். 450 செ.மீ. 4.5 மீட்டர் ஆகும்.

3. கால், அரை, முக்கால் வழியாகப் போங்க: இது வீட்டில் தினமும் காதில் விழும் கணக்கு. கால் கிலோ 250 கிராம், அரை கிலோ 500, முக்கால் கிலோ 750. கடைத் தராசில் இதுவே 0.250, 0.500, 0.750 என்று தெரியும். கடைக்குக் கூட்டிப்போய் அந்த எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பிறகு வரும் மூன்று இலக்கமும் கிராம் என்பது தானாகப் புரியும்.

4. 'புள்ளியை நகர்த்து' கடைசியில்தான்: இந்தக் குறுக்குவழியை முதலிலேயே சொல்லிக்கொடுத்தால், எந்தப் பக்கம், எத்தனை இடம் என்று இன்னொரு குழப்பம் சேரும். அளவு புரிந்தபிறகு சொன்னால் போதும்.

மார்க்குக்காக மட்டும் இல்லை

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்வோம். 5 மி.லி.யில் 125 மி.கி. மருந்து உள்ள பாட்டிலும் இருக்கு, 250 மி.கி. உள்ள பாட்டிலும் இருக்கு. மி.லி. என்பது ஊற்றும் சிரப்பின் அளவு, மி.கி. என்பது அதில் இருக்கும் மருந்தின் எடை. பாட்டில் மாறினால், அதே 5 மி.லி.யில் மருந்து இரண்டு மடங்காகிவிடும். டாக்டர் எழுதிய 2.5 மி.லி.யில் புள்ளியைக் கவனிக்காமல் 25 என்று படித்தால் பத்து மடங்கு! புள்ளியை ஒழுங்காகப் படிக்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வர வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நகைக்கடை பில்லும் அப்படித்தான். 4.350 கிராம் என்றால் 4 கிராம் 350 மில்லி. 4.035 என்றால் வெறும் 35 மில்லிதான் கூடுதல். பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதில் காசு இருக்கு.

இன்னைக்கே கேட்டுப் பாருங்க

* 1.05 கிலோ என்பது 1 கிலோ 5 கிராமா? இல்லை, 1 கிலோ 50 கிராம்.
* 75 செ.மீ. எத்தனை மீட்டர்? 0.75 மீட்டர், அதாவது முக்கால் மீட்டர்.
* 3 லிட்டர் தண்ணீரை 200 மி.லி. டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர் வரும்? 3000-ஐ 200-ஆல் வகுத்தால் 15 டம்ளர்.

விடை தப்பாக வந்தால் உடனே திருத்த வேண்டாம். "எண் கூடணுமா, குறையணுமா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.