155ஆம் கட்டையும் 249ஆவது கிலோமீற்றரும்

ஆனையிறவில் 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்ட பிறகு, வன்னியில் உப்பைப் பற்றிய பேச்சு மறுபடி சூடுபிடித்தது. எங்கள் உப்பு எவ்வளவு சுத்தம் என்பது நியாயமான கேள்வி. அதை ஒளியைக் கொண்டும் விசாரிக்கலாம். அப்படி விசாரிக்கும்போது கெட்டிக்காரர்களும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்த இடத்துக்கு மெல்ல நடந்து போவோம்.

உப்பளப் பாத்தியில் உவர்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. கல்சியம் சல்பேற்று, அதாவது ஜிப்சம், முந்திக்கொள்கிறது. நீர் இன்னும் தடித்து, அதன் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் ஏறத்தாழ 25 பாகை காட்டிய பிறகுதான் சமையல் உப்பு விளைகிறது. மகனீசிய உப்புகள் கடைசிவரை கரைசலிலேயே நிற்கும். அந்தக் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகும் கொஞ்சம் ஜிப்சம் உப்போடு கூட வருவதுண்டு. நாம் தேடப்போவது அதைத்தான்.

தேடும் கருவிக்கு வழி திறந்தவர்கள் இரண்டு தமிழர்கள். திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் கண்டது இது: ஒரே நிற ஒளியை ஒரு பொருளில் விழுத்தினால், சிதறிவரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. பொருளின் மூலக்கூறு அதிர்வதற்கான சக்தியை ஒளியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கும் என்பது மூலக்கூறின் குணம். எந்த நிறத்தை விழுத்தினோம் என்பது அதை மாற்றாது. இப்படி நிறம் மாறி வந்த ஒளியை அலைநீளப்படி பிரித்து வரைந்த படந்தான் நிறமாலை. அதில் ஓர் அதிர்வு ஒரு கோடாக எழும். சமையல் உப்புப் பளிங்கு இந்தச் சோதனையில் கூரிய கோடு எதையும் தராது. ஜிப்சமோ பலத்த கோடு ஒன்றைத் தரும். ஆகவே உப்புக்குள் ஒளிந்திருக்கும் ஜிப்சம் நன்றாகவே தெரியும்.

ஒரு கைப்பிடி உப்பைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 532 நனோமீற்றர் பச்சை லேசர். மற்றதில் 785 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத செந்நிறத்தின் ஓரம். முதல் நிறமாலையில் ஜிப்சத்தின் கோடு 562.15 நனோமீற்றரில் நிற்கிறது. இரண்டாவதில் அது 852.45. பொருள் ஒன்று, உப்பு ஒன்று, ஆனால் இரண்டு படங்களும் ஒட்டவில்லை.

இங்கேதான் சறுக்கல். பலர் எக்செல் தாளில் இரண்டு கருவிகளும் தந்த உயர எண்களை, அதாவது ஒளியின் பலத்தை, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, முதல் வரியை முதல் வரியோடும் நூறாவது வரியை நூறாவதோடும் ஒப்பிடுவார்கள். வேறு சிலர் ஒரு படத்தைக் கண்மதிப்பில் நகர்த்தி மற்றதன் மேல் வைப்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒரே எண்ணந்தான்: அளவீடு என்றால் மேலே எழுகிற உயரம், கீழே கிடக்கும் கிடையச்சு வெறும் பெயர்ப்பலகை என்ற எண்ணம். உண்மையில் ஒவ்வொரு அளவீடும் ஒரு சோடி. எங்கே அளந்தோம் என்பதும் எவ்வளவு கிடைத்தது என்பதும் பிரிக்க முடியாதவை.

ஏ9 வீதியை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியில் இன்றும் 155ஆம் கட்டை என்றுதான் ஓர் இடத்துக்குப் பெயர். அது மைற்கல் காலத்துக் கணக்கு. ஒருவர் மைற்கட்டைக்கு மைற்கட்டை வீதியின் உயரத்தைக் குறிக்கிறார், மற்றவர் கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் குறிக்கிறார். இருவரும் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தாலும் முதலாமவருடைய பத்தாவது வரி மற்றவருடைய பதினாறாவது கிலோமீற்றரைத் தாண்டிக் கிடக்கும். பத்தாவது வரிகளை ஒப்பிட்டால் வேறு வேறு ஊர்களை ஒப்பிட்டவர்கள் ஆவோம். முதலில் மைலைக் கிலோமீற்றராக்க வேண்டும்: 155 மைல் என்றால் 249.4 கிலோமீற்றர். அந்த இடத்தில் கிலோமீற்றர் கல் இல்லை. அதனால் 249, 250 ஆகிய இரண்டு கற்களிலும் கிடைத்த உயரங்களை வைத்து இடையில் இருப்பதைக் கணிக்கிறோம்.

நிறமாலையிலும் வேலை இந்த ஒழுங்கில்தான். முதலில் பொது அலகு. ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்குக்கு அலையெண் என்று பெயர். சக்தி அதனோடு நேராகக் கூடும். ஒரு கோடியை நனோமீற்றரில் சொன்ன அலைநீளத்தால் வகுத்தால் அலையெண் வரும். பச்சை லேசருக்கு 18,797, ஜிப்சம் கோட்டுக்கு 17,789, வித்தியாசம் 1008. மற்ற லேசருக்கு 12,739, கோட்டுக்கு 11,731. வித்தியாசம் அதே 1008. ஒட்டாமல் நின்ற இரண்டு படங்களும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. ராமன் விளைவின் அழகு முழுவதும் எனக்கு இந்தக் கழித்தலில்தான் தெரிகிறது.

வீதி உவமை இந்த இடத்தோடு நின்றுவிடும். மைலுக்கும் கிலோமீற்றருக்கும் நடுவே இருப்பது வெறும் பெருக்கல். இங்கே இருப்பது வகுத்தல். அதனால் ஒரே அளவு அடி வேறு வேறு நீளமாகிறது. 562 நனோமீற்றர் அருகே 0.1 நனோமீற்றர் என்பது 3.2 அலையெண். 852 அருகே அதே 0.1 வெறும் 1.4. படத்தை நகர்த்தியோ இழுத்தோ பொருத்த முடியாததற்குக் காரணம் இதுதான்.

இனி இடைக்கணிப்பு. ஒரு கருவி 1006இல் 40 என்றும் 1010இல் 60 என்றும் சொல்லியிருந்தால், 1008இல் 50 என்று எடுத்துக்கொள்கிறோம். இப்படி இரண்டு தரவுகளையும் ஒரே புள்ளிகளுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்டலோ கழித்தலோ. இருவரும் அளந்த எல்லைக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். ஒருவர் அளக்காத இடத்துக்கு எண் கற்பிக்கக் கூடாது. இடைக்கணிப்பு புதுத் தகவலையும் தராது. ஐதாக அளந்த கருவியின் இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒரு கூரிய உச்சி தவறிப்போயிருந்தால், எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது.

இன்னொன்று. 785 என்று எழுதியிருக்கும் லேசர் உண்மையில் 785.1 ஆக இருந்தால் எல்லாக் கோடுகளும் 1.6 அலையெண் விலகும். அதனால் அளக்கும் முன் ஒரு சிலிக்கன் துண்டை வைத்துப் பார்க்கிறார்கள். அதன் கோடு 520.5 அளவில் வர வேண்டும். வராவிட்டால் அந்த வித்தியாசத்தை எல்லாப் புள்ளிகளிலும் திருத்த வேண்டும். கண்மதிப்பு நகர்த்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே எவ்வளவு நகர்த்துவது என்பதைத் தெரிந்த பொருள் ஒன்று சொல்கிறது என்பதுதான்.

உப்போ மண்ணோ மருந்தோ, நிறமாலைத் தரவை மாணவருக்கோ ஆய்வாளருக்கோ அனுப்புகிறவர்கள் உயர எண்களை மட்டும் அனுப்பாதீர்கள். கிடையச்சு நிரலையும், அதன் அலகையும், லேசரின் அலைநீளத்தையும், அன்றைக்குச் சிலிக்கன் காட்டிய எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.