ஆச்சி வீட்டுத் திண்ணைக்கு வருவது யார்?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் காலை நேரத்தில் நடந்தால் இந்தக் காட்சி கண்ணில் படும். இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பதோ ஒரு ஆச்சியும் துணைக்கு ஒரு பெண்ணும்தான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். தோள்பையோடு ஒருவர் வந்து திண்ணையில் உட்காருகிறார். "உக்காருத்தா" என்று சொல்லிவிட்டு ஆச்சி உள்பக்கம் குரல் கொடுக்கிறார்: "நர்சு வந்திருக்கு, காப்பி கொண்டா."

வந்திருப்பவர் நர்சு இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து அனுப்பப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கடைசிக் கண்ணி அவர். பையில் பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், மாத்திரை அட்டைகள், ஒரு பதிவேடு. இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு விருது கொடுத்தது. விருதை விடுங்கள். அந்தத் திண்ணையில் நடப்பதைப் பாருங்கள்.

"காப்பி அப்புறம் ஆச்சி, முதல்ல பிரஷர் பாத்துருவோம்" என்கிறார் அவர். காரணம் இருக்கிறது. காப்பி குடித்த கையோடு பார்த்தால் அளவு ஏறிக் காட்டும். நடந்து வந்த உடனே பார்த்தாலும் அப்படித்தான். ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும், பட்டையைத் துணிக்கு மேல் சுற்றக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. கடைசி நிபந்தனைதான் ஆச்சிமாருக்குக் கஷ்டம்.

அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, போன மாதத்து மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொல்கிறார். பழைய பிஸ்கட் டப்பா. எண்ணிப் பார்த்தால் பத்து மாத்திரை மிச்சம். "பிரஷரு சரியாத்தானே இருக்கு, எதுக்குத் தெனமும் முழுங்கணும்னு விட்டுட்டேன்" என்கிறார் ஆச்சி. மாத்திரை தின்பதால்தான் சரியாக இருக்கிறது என்பதைத் தன்னார்வலர் எடுத்துச் சொல்கிறார், மூன்றாவது தடவையாக.

என் கணக்கில் மொத்த ஆரம்ப சுகாதாரப் பணியின் உயிர் அந்தப் பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கிறது. வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது டாக்டர் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஒதுக்குவதே பெரிது. அவர் கண்ணுக்குச் சீட்டுதான் தெரியும், டப்பா தெரியாது. டப்பாவைப் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை நாம் மொத்தமாக 'நர்சம்மா' என்போம். கொஞ்சம் மரியாதை கூடினால் 'டாக்டரம்மா'. யார் யார் என்று தெரிந்துகொண்டால் நமக்குத்தான் லாபம்.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அதன் அச்சாணி இவர். கர்ப்பம் என்று தெரிந்ததும் பெயர் பதிந்து 12 இலக்க எண் ஒன்றை வாங்கித் தருபவர் இவர்தான். பிரசவத்தைத் தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டாலும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது கேட்பார்கள். வெளியூரிலிருந்து பிறந்த வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வரும் பெண்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மாநில அரசு தரும் மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அதற்கும் வழி இவருடைய பதிவேடுதான். குழந்தைகளுக்குப் புதன்கிழமைத் தடுப்பூசியும் இவர் பொறுப்பு.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போனால் மருந்தாளுநர் இருக்கிறார். பெரியவர்கள் இன்னும் 'கம்பவுண்டர்' என்பார்கள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை அவரிடம் தயங்காமல் கேளுங்கள், அது அவர் வேலை. ஆய்வக நுட்புநர் ரத்தம், சிறுநீர், சளி பார்ப்பவர். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அங்கே இலவசம்.

சுகாதார ஆய்வாளர் கதை செட்டிநாட்டில் கொஞ்சம் தனி. காய்ச்சல் எங்கே, குளோரின் போட்டார்களா, கொசுப்புழு எங்கே என்று தேடுவது அவர் வேலை. மற்ற ஊர்களில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். இங்கே பாதி வீடுகளில் ரெட்டைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். வானம் பார்த்த வளவு. மழை பெய்தால் ஆட்டுக்கல் குழியிலும் அண்டாவிலும் தண்ணீர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். சாவி யாரிடம் என்று விசாரிப்பதிலேயே அவர் பொழுது போய்விடும்.

பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும், புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இயன்முறை சிகிச்சையாளரை 'மசாஜ் தம்பி' என்றே கூப்பிட்டுவந்தார். தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. நாலரை வருடம் படித்துவிட்டு வந்தவர், பாவம்.

சட்டத்தின் பார்வையில் இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் இல்லை. மருந்தாளுநருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம், செவிலியருக்கு நர்சிங் கவுன்சில். இயன்முறை சிகிச்சையாளர், ஆய்வக நுட்புநர் போன்றோருக்கு 2021இல்தான் தேசிய அளவில் தனி ஆணையச் சட்டமே வந்தது.

இவர்களையெல்லாம் சேர்த்து நாம் 'பாராமெடிக்கல்' ஆட்கள் என்போம். ஆனால் 'பாராமெடிக்' என்றால் இங்கிலாந்தில் முதலில் நினைவுக்கு வருபவர் ஆம்புலன்ஸில் வருபவர். அவர்களில் பலர் இப்போது அங்கே குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளில் வேலை பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிறார்கள். மேற்பயிற்சி பெற்றவர்கள் 2018 முதல் மருந்துச் சீட்டே எழுதலாம். நம் ஊரில் 2008இல் வந்த 108 வண்டியின் மருத்துவ உதவியாளர் வண்டியோடு சரி. பாதி வழியில் பிரசவம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். அவருடைய கைத்தேர்ச்சியை ஆரம்ப சுகாதார நிலையங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். திண்ணைக்கு வரும் தன்னார்வலர் டாக்டர் எழுதியதைத் தொடர்ந்து கொடுப்பார். புது மாத்திரை தொடங்கவோ அளவைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். "நீயே ஒண்ணு கூடக் குடுத்துட்டுப் போத்தா" என்று வற்புறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் கோணுவது என்றால் அவருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம், நேராக 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மாரடைப்புக்கு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல்கட்ட மாத்திரைகள் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே இருக்கின்றன. அங்கே அவற்றை விழுங்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது; கடிபட்ட காலை அசைக்காமல் வண்டியில் ஏற்றுங்கள்.

சம்பள விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தன்னார்வலருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். வெயிலில் தெருத் தெருவாக நடப்பவருக்கு அது போதாது. 'தன்னார்வலர்' என்ற அழகான பெயர் அந்தக் குறையை மூடப் பார்க்கிறது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலர், கிராம சுகாதாரச் செவிலியர் இருவரின் எண்ணையும் வாங்கி, 108க்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, ஆச்சி கண்ணில் படும் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பூட்டிய வீடாக இருந்தால் காவல்காரரிடம் சொல்லிவையுங்கள்: சுகாதார ஆய்வாளர் வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும்.