மரைக்காயர்: பட்டத்திலிருந்து குடும்பப்பெயர் வரை

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையே வழங்கும் 'மரைக்காயர்' என்னும் பெயரின் தோற்றத்தையும் பரவலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பெயர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வேர்ச்சொல்லை மையமிட்டே அமைந்துள்ளன. ஒரே சொல் தமிழகத்தில் பட்டமாகவும், கிழக்கிலங்கையில் பதவிப்பெயராகவும், கொழும்பிலும் பினாங்கிலும் குடும்பப்பெயராகவும் நிலைபெற்ற முறையே அதன் வரலாற்றைத் தெளிவாக உணர்த்துகிறது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரைக்காயர், மரக்கலம், பெயராய்வு, கடல்வணிகம், மரிக்கார், மெரிக்கான்

முன்னுரை

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைமுக ஊர்களில் வாழும் தமிழ் முஸ்லிம்களுள் ஒரு பிரிவினர் மரைக்காயர் எனப்படுகின்றனர். இவர்கள் பெரும்பாலும் ஷாபிஈ நெறியினர். கடல்வணிகத்தோடு நெடுங்காலத் தொடர்புடையவர்கள். 'மரக்காயர்', 'மரைக்காயர்' என்னும் இரு வடிவங்களும் தமிழில் வழங்குகின்றன.

பெயர்த்தோற்றம்

இப்பெயருக்கு இருவகை விளக்கங்கள் உள்ளன. முதலாவது, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல்தொகுதியில் இதற்கொரு கதை காணப்படுகிறது. கரையிறங்கிய அரபியரை, யார், எங்கிருந்து வந்தீர் என உள்ளூர் மக்கள் வினவ, அவர்கள் தம் கலத்தைச் சுட்டி 'மர்கப்' என்றனர் என்றும், அதுவே பெயராயிற்று என்றும் அக்கதை கூறுகிறது. இரண்டாவது, தமிழ் 'மரக்கலம்' என்னும் சொல்லோடு இணைத்து, 'மரக்கலராயர்' என்பதன் திரிபாகக் கொள்வது.

ஒலியியல் நோக்கில் முதல் விளக்கம் இடர்ப்படுகிறது. 'கிதாப்' என்னும் அரபுச் சொல் தமிழ் முஸ்லிம் வழக்கில் 'கித்தாபு' என ஈற்றுப் பகரத்தைக் காத்து நிற்கிறது. 'மர்கப்' மட்டும் அதனை முற்றிலும் இழந்து யகரம் பெற்றதற்குக் காரணம் கூறப்படவில்லை. இரண்டாம் விளக்கத்திலும் இடையெழுத்துகள் கெட்டதாகக் கொள்ளவேண்டியுள்ளது. எனினும் சிங்களச் சான்று அதற்கு வலுச்சேர்க்கிறது. இலங்கை முஸ்லிம்களைச் சிங்களத்தில் 'மரக்கல' எனச் சுட்டும் வழக்கு உண்டு. 1915ஆம் ஆண்டின் கலவரம்கூட அம்மொழியில் 'மரக்கல கோலாகலய' என்றே அறியப்படுகிறது. கப்பலைக் குறிக்கும் சொல்லே மக்களைக் குறிக்கவும் வந்தமை இங்குத் தெளிவு.

பட்டமாக வழங்குதல்

தமிழ் மரபில் இச்சொல் இயற்பெயரின் பின் வரும் சிறப்புப்பெயராகும். உமறுப் புலவரின் புரவலராகப் போற்றப்படும் வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் செய்கு அப்துல் காதிறு மரைக்காயர் ஆகும். ஈற்றிலுள்ள 'அர்' மதிப்புப் பன்மை. இப்பட்டம் ஆடவர் பெயரோடு மட்டுமே சேர்ந்தது. பெண்கள் பெயரில் நாச்சியார், உம்மா, பீவி என்பனவே வந்தன.

குடும்பப்பெயர் வழக்கமில்லாத தமிழ்ப் பெயரிடுமுறையில் பட்டம் தலைமுறைதோறும் தொடரவேண்டும் என்னும் கட்டாயமில்லை. இராமேசுவரத்தில் படகு உரிமையாளராக இருந்த ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன் ஆ. ப. ஜை. அப்துல் கலாம் என்றே அறியப்பட்டார். முன்னோரின் இயற்பெயர்கள் முதலெழுத்துகளாக எஞ்ச, பட்டம் விடுபட்டது.

பரவலும் மாற்றமும்

மலபாரில் இச்சொல் 'மரக்கார்' என வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுச் சாமூத்திரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வர். அவர்களுள் இறுதியானவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

கிழக்கிலங்கையில் பொருள் வேறு திசையில் விரிந்தது. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றின் சார்பிலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெறுபவர் மரைக்காயர் எனப்பட்டார். இங்கு அது குலப்பெயரன்று, குடிக்குரிய பொறுப்பு. கொழும்பில் அதே சொல் மரிக்கார், மாக்கார் என்னும் குடும்பப்பெயராயிற்று. 1931இல் அமைந்த அரசாங்க சபையில் அமைச்சராக விளங்கிய சேர் முகம்மது மாக்கான் மாக்கார் இதற்குச் சான்று.

பினாங்கில் 1801இல் தொடங்கப்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் நிறுவுநர் காதர் முகைதீன் மெரிக்கான் ஆவார். மலாய்ப் பெயரிடுமுறையிலும் பொதுவாகக் குடும்பப்பெயர் இல்லை. 'பின்' என்பதன் பின் தந்தை பெயரே வரும். இருப்பினும் மெரிக்கான் என்பது மறையாமல் வழிவழியாகத் தொடர்ந்தது. மலேசிய நாடகக் கலைஞர் பரிதா மெரிக்கான் பெயரில் காணப்படுவதுபோலப் பெண்களும் அதனை ஏற்றனர். தாயகத்தில் ஆடவர்க்கே உரியதாயிருந்த மதிப்புப்பட்டம், பால் வேறுபாடின்றி வழங்கும் பெயராக மாறிய இடம் இதுவே. பட்டம் குடும்பப்பெயராக முழுமையடைந்ததற்கு இதனினும் தெளிந்த அடையாளம் வேண்டுவதில்லை.

பெயரும் பூர்விகமும்

பெயர் விளக்கம் எளிதில் இனப்பூர்விக வாதமாக மாறும் சூழலும் இலங்கையில் இருந்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் இனவழியில் தமிழரே என வாதிட்டார். மறு ஆண்டு சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பை வெளியிட்டார். பூர்விகம் என்பது பிரதிநிதித்துவத்தோடு பிணைந்த இத்தகைய சூழலில், அரபு வேரும் தமிழ் வேரும் வெறும் சொல்லாராய்ச்சி முடிவுகளாக நின்றுவிடுவதில்லை. ஆயின் இரு விளக்கங்களும் கலம் என்னும் ஒரே பொருளிலேயே வந்து சேர்கின்றன. பெயர் சான்று பகர்வது தொழிலுக்கே, குருதிவழிக்கு அன்று.

முடிவுரை

மரைக்காயர் என்பது கடல்வணிகச் சூழலில் தோன்றிய தொழில்சார் சிறப்புப்பெயர். அது சென்றடைந்த நிலங்களின் சமூக அமைப்புக்கும் பெயரிடுமுறைக்கும் ஏற்பப் பட்டமாகவும் பதவியாகவும் குடும்பப்பெயராகவும் வடிவெடுத்தது. எனவே ஆவணங்களை ஆய்வோர் மரைக்காயர், மரக்கார், மரிக்கார், மாக்கார், மெரிக்கான் ஆகிய வடிவங்களை ஒருங்கே தேடுதல் வேண்டும். ஒவ்வோரிடத்திலும் அச்சொல் எப்பொருளில் நின்றது என்பதையும் தனித்தனியே வரையறுத்தல் வேண்டும். முன்னதைச் செய்யாவிடில் ஒரே கடல்வழிச் சமூகம் பல துண்டுகளாகத் தோன்றும். பின்னதைச் செய்யாவிடில் உறவில்லாதோரும் ஒரே குடும்பமாகக் கருதப்பட நேரும்.