பிரிஸ்டல் நகரில் ஒரு நாள்

லண்டன் மாநகரைச் சுற்றிப் பார்த்ததும் இங்கிலாந்து முழுவதையுமே பார்த்துவிட்டதாக எண்ணி ஊர் திரும்புகிறவர்கள் நம்மவரில் அநேகர். அவர்கள் இன்னும் ஒரு நாளைப் பிரிஸ்டல் நகரத்துக்காக ஒதுக்கினால் அது வீண் போகாது. லண்டனுக்கு மேற்கே சுமார் 120 மைல் தூரத்தில், ஆவன் நதிக்கரையில் அமைந்த பழைய துறைமுகப் பட்டினம் அது. பாடிங்டன் ஸ்டேஷனில் ரயிலேறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஒரு துறைமுகம் எவ்வாறு செல்வம் சேர்த்தது, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்ற இரண்டையும் அங்கே கண்ணாரக் கண்டு அறியலாம்.

முதலில் துறைமுகத்தையே பார்ப்போம். ஆவன் நதியில் கடலின் ஏற்றவற்றம் மிகக் கடுமையானது. நீர்மட்டம் 40 அடிக்குக் குறையாமல் ஏறி இறங்குவதுண்டு. வற்றத்தின்போது கப்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடக்குமாம். இந்தத் தொல்லை நீங்க, மதகுகளால் நீரைத் தேக்கி வைத்து, எந்நேரமும் கப்பல் மிதக்கும்படியான துறை ஒன்றை 1809-ல் கட்டி முடித்தார்கள். 1975-க்குப் பிறகு வர்த்தகக் கப்பல்கள் அங்கே வருவதில்லை. நதியின் முகத்துவாரத்திலுள்ள துறைகளுக்கே போகின்றன. பழைய கரை இப்போது உலாவுமிடமாக விளங்குகிறது.

அக்கரையில்தான் 'கிரேட் பிரிட்டன்' என்ற கப்பல் நிற்கிறது. புருனெல் என்ற புகழ்பெற்ற என்ஜினீயரின் படைப்பு அது. இரும்பால் கட்டப்பட்டு, பின்புறத்தில் சுழலும் விசிறியால் உந்தப்பட்டு, மகாசமுத்திரத்தைக் கடந்த முதல் பெருங்கப்பல் அதுவே. 1843-ல் நீரில் இறங்கி, பல கடல்களில் உழைத்து, இறுதியில் பாக்லாந்துத் தீவுகளில் கைவிடப்பட்ட அக்கப்பலை 1970-ல் இழுத்து வந்து, அது பிறந்த தளத்திலேயே நிறுத்தினார்கள். புருனெல் வகுத்த மற்றொரு அற்புதம் கிளிப்டன் தொங்கு பாலம். மலையிடுக்கின் இரு புறங்களையும் இணைத்து, நீருக்கு மேல் சுமார் 245 அடி உயரத்தில் அது தொங்குகிறது. 1831-ல் ஆரம்பித்த வேலை பணமுடையால் நின்றுபோயிற்று. அவர் 1859-ல் காலமானார். பாலம் திறக்கப்பட்டது 1864-ல். தம் கனவு பலித்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நகரின் நடுவே கார்ன் வீதியிலுள்ள பழைய வர்த்தக மண்டபத்தின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு நிமிஷ முள் இரண்டு. ஒன்று கிரீனிச் நேரத்தையும், மற்றொன்று அதற்குப் பத்து நிமிஷம் பிந்திய பழைய பிரிஸ்டல் நேரத்தையும் காட்டும். மண்டபத்தின் வாசலில் நான்கு வெண்கல மேடைகள் நிற்கின்றன. வியாபாரிகள் அவற்றின் மேல் பணத்தை வைத்துக் கணக்குத் தீர்த்தார்களாம்.

அந்தப் பணத்தில் கணிசமான பங்கு எங்கிருந்து வந்தது? 1698 முதல் 1807 வரை பிரிஸ்டல் கப்பல்கள் ஏறக்குறைய 5 லட்சம் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன என்று சரித்திராசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். துறையின் மேல், கொம்புகள் முளைத்தாற்போன்ற ஒரு நடைபாலம் இருக்கிறது. அதன் பெயர் பீரோ பாலம். பீரோ என்பவன் பன்னிரண்டாவது வயதில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. பின்னி என்ற சர்க்கரைத் தோட்ட முதலாளி அவனை மேற்கிந்தியத் தீவிலிருந்து பிரிஸ்டலுக்கு அழைத்து வந்தார். அவருடைய மாளிகை இன்று பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. பாலத்துக்கோ, எஜமானின் பெயரை விட்டு அடிமையின் பெயரை 1999-ல் சூட்டினார்கள்.

அடிமை வியாபாரக் கம்பெனியின் தலைவர்களில் ஒருவரும், பிரிஸ்டலுக்குத் தான தருமங்கள் பல செய்தவருமான கோல்ஸ்டன் என்பவரின் சிலை நகர மத்தியில் 1895 முதல் நின்றது. 2020-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி ஜனங்கள் அதைக் கயிறு கட்டி வீழ்த்தி, உருட்டிக்கொண்டு போய்த் துறையில் தள்ளினார்கள். நகர சபையார் அதை வெளியே எடுத்தார்கள். ஆனால் மறுபடியும் பீடத்தில் ஏற்றவில்லை. பின்னர் அது பூசிய சாயத்தோடும் பட்ட காயத்தோடும் துறைக்கரையிலுள்ள எம்-ஷெட் பொருட்காட்சி சாலையில் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது.

நம்மவர் அவசியம் காண வேண்டிய இடம் ஒன்று உண்டு. மொகலாயச் சக்கரவர்த்தியின் தூதராக 1831-ல் இங்கிலாந்து சென்ற ராஜா ராம்மோகன் ராய், 1833-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி பிரிஸ்டலில்தான் உயிர் நீத்தார். உடன்கட்டை ஏறும் கொடுமையை ஒழிக்கப் போராடிய அந்தப் பெரியாரை முதலில், அவர் விருந்தினராகத் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1843-ல் துவாரகநாத் தாகூரின் முயற்சியால் அவரது உடல் ஆர்னோஸ் வேல் மயானத்துக்கு மாற்றப்பட்டது. தூண்களும் விதானமும் அமைந்த நம் நாட்டுச் சத்திரி ஒன்று, ஆங்கிலேயரின் கல்லறைகளுக்கு நடுவே அங்கே எழுந்து நிற்கிறது. நகரின் பிரதான ஆலயத்துக்கு அருகில், காலேஜ் பசும்புல் வெளியில், 1997-ல் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

பாலத்துக்கும் கப்பலுக்கும் வழிகாட்டிப் புத்தகங்களே நம்மை அழைத்துச் சென்றுவிடும். ஆர்னோஸ் வேலுக்கு நாமாகத்தான் நினைத்துப் போக வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து அது அதிக தூரமில்லை. ஊர் திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தி, ஒரு பிடி மலருடன் அங்கே போய் வாருங்கள்.