பழைய டார்ச் விளக்கைத் தூக்கி எறியலாமா?

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1-இல் திருவண்ணாமலையில் பெருமழை. மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். ஊர் முழுவதும் மலையையே அச்சத்துடன் பார்த்துக்கொண்டிருந்த நாள் அது.

மலையின் வேறொரு பக்கத்தில், ரமணாசிரமத்தை அடுத்த தெரு ஒன்றில் எங்கள் வீடு. அன்று மின்சாரம் நின்றுவிட்டது. தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அலமாரியிலிருந்து புது டார்ச் விளக்கை எடுத்து வந்தாள். போன ஆண்டு தீபத்தின்போது வாங்கியது. மின்சாரத்தில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் வகை. விசையை அழுத்தினாள். ஒரு நொடி மங்கலாக மினுக்கியது, பிறகு அணைந்துவிட்டது.

"தாத்தா, சார்ஜ் இல்லை!"

"போட்டு வையம்மா."

"கரண்ட் இருந்தால்தானே தாத்தா போட முடியும்?"

அவள் கேட்டது சரியான கேள்வி. அடுத்து, பெட்டிக்குள் கிடந்த பழைய டார்ச்சைத் தேடினோம். இரண்டு பென்சில் செல் போடும் சிறிய விளக்கு. அதிலும் செல் இல்லை. ஆனால் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒரு பென்சில் செல் இருந்தது. அலாரம் கடிகாரத்தில் இன்னொன்று. இரண்டையும் கழற்றிப் போட்டோம். கடிகாரங்கள் நின்றன, விளக்கு எரிந்தது.

புதிய விளக்கு ஏன் கைவிட்டது? பழையது எப்படி உதவியது? இதன் பின்னால் உள்ள அறிவியலைப் பார்ப்போம்.

செல்லுக்குள் என்ன இருக்கிறது?

1866-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லெக்லாஞ்சே ஒரு மின்கலத்தை அமைத்தார். துத்தநாகம் ஒரு முனை. கரித்தண்டைச் சுற்றி மாங்கனீஸ் டை ஆக்ஸைடு வைத்தது மறு முனை. இரண்டுக்கும் நடுவே நவச்சாரக் கரைசல். கரைசல் சிந்தும் என்பதால் அதைக் கையில் எடுத்துச் செல்ல முடியாது. ஜெர்மானியரான காஸ்னர் கரைசலைப் பசையாக மாற்றி, 1886-இல் உலர் மின்கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையில் பிடிக்கும் டார்ச் விளக்கு பிறக்க வழி உண்டாயிற்று. 1899-இல் அமெரிக்காவில் மிசெல் என்பவர் குழாய் வடிவ டார்ச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலச் செல்கள் வலுவற்றவை. தொடர்ந்து எரியாமல் விட்டு விட்டே ஒளி தந்தன. அதனால்தான் அமெரிக்காவில் அதற்கு 'ஃபிளாஷ் லைட்' என்ற பெயர் வந்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த பென்சில் செல் இந்தத் துத்தநாக-கார்பன் குடும்பத்தைச் சேர்ந்ததே. விலை கூடிய 'ஆல்கலைன்' செல்லில் நவச்சாரத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு இருக்கிறது. இரண்டுமே புதிதாக இருக்கும்போது சுமார் 1.5 வோல்ட் தருகின்றன. இவற்றுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஆற்றலை வேதிப்பொருளாகச் சுமந்து வருகின்றன. நல்ல ஆல்கலைன் செல் உறை பிரிக்காமல் பல ஆண்டுகள் கிடந்தாலும் பெரும்பகுதி ஆற்றலை இழப்பதில்லை.

சார்ஜ் ஏற்றும் விளக்கு ஏன் ஏமாற்றியது?

விலை குறைந்த சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றுள் சிறிய ஈய-அமில மின்கலம் இருக்கும். இது சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்ல மின்னேற்றத்தை இழக்கும். அப்படி இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட் கடினமான படிகங்களாகப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் முன்போல் ஏறாது.

விலை கூடிய விளக்குகளில் லித்தியம்-அயனி மின்கலம் இருக்கும். 1991-இல் விற்பனைக்கு வந்த இந்த மின்கலத்தை உருவாக்க அடிப்படையான ஆய்வுகளுக்காக 2019-இல் மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிறிய எடையில் நிறைய ஆற்றலைத் தாங்கும். ஆனால் இதற்கும் மூப்பு உண்டு. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஆண்டுதோறும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். நம் ஊர்க் கோடையில் அலமாரிக்குள் கிடக்கும் விளக்கை நினைத்துப் பாருங்கள்!

மின்கலம் மூப்படைவது குற்றமல்ல. எல்லா மின்கலமும் ஒருநாள் மூப்படையும். ஆனால் பல புதிய விளக்குகளில் மின்கலத்தை உள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே உள்ளது செத்தால் விளக்கும் சேர்ந்து செத்துவிடுகிறது. பென்சில் செல் டார்ச்சில் அப்படியல்ல. செல் செத்தால் செல்லை மட்டும் மாற்றுகிறோம், விளக்கு வாழ்கிறது.

ஓர் அளவின் பெருமை

பென்சில் செல்லின் விட்டம் சுமார் 14.5 மி.மீ.; நீளம் சுமார் 50.5 மி.மீ. 'ஏஏ' எனப்படும் இந்த அளவு 1947-இல் அமெரிக்காவில் தர அளவாக ஏற்கப்பட்டது. இன்று உலகெங்கும் இதே அளவுதான். எந்த நிறுவனம் செய்திருந்தாலும், எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தும். எங்கள் கடிகாரத்தின் செல் டார்ச்சுக்கு உதவியது இதனால்தான். செங்கம் சாலையில் உள்ள பெட்டிக் கடையிலும் அது கிடைக்கும். தர அளவு என்பது பாடப் புத்தகத்தில் சலிப்பூட்டும் செய்தி போலத் தோன்றலாம். இருட்டில் நிற்கும்போதுதான் அதன் மதிப்பு விளங்கும்.

கிரிவலக் கணக்கு

"புது விளக்கின் வெளிச்சம் எவ்வளவு அதிகம்!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? நம் ஊர் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. மணிக்கு 3.5 கி.மீ. நடந்தால் 4 மணி நேரம். இன்று அப்பாதையில் மின்விளக்குகள் உண்டு. கணக்குக்காக அவை அணைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய விளக்கு: 3.7 வோல்ட், 1.2 ஆம்பியர்-மணி மின்கலம். பெருக்கினால் ஏறக்குறைய 4.4 வாட்-மணி. எல்.இ.டி. 3 வாட் என்றால், 4.4 ÷ 3 = சுமார் ஒன்றரை மணி நேரம்.

பழைய விளக்கு: இரண்டு ஆல்கலைன் செல்கள், ஒவ்வொன்றும் 2 ஆம்பியர்-மணி. எரியும் காலத்தில் சராசரி 1.2 வோல்ட் என்றால், 2 × 2 × 1.2 = 4.8 வாட்-மணி. இழைப் பல்பு 0.3 ஆம்பியர் இழுத்தால், 2 ÷ 0.3 = ஆறரை மணிக்கு மேல்.

கவனித்தீர்களா? இரண்டிலும் உள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே! ஒரே அளவுத் தொட்டிகள்; குழாய்தான் வேறு. ஒன்று வேகமாகக் கொட்டுகிறது. மற்றது சிக்கனமாக ஒழுகுகிறது. முதல் விளக்கு பாதி வழிக்கு முன்பே அணைந்துவிடும். இரண்டாவது வீடு வரை வரும்.

அதிக வெளிச்சம் அதே அளவு அதிகத் தொலைவும் போகாது. ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இரு மடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் விழ நான்கு மடங்கு ஒளி வேண்டும். காலடியில் உள்ள பள்ளத்தைப் பார்க்கவோ அத்தனை ஒளி தேவையில்லை.

பழையதில் குறை இல்லையா?

உண்டு. இழைப் பல்பு பெரும்பகுதி ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது. இந்த இடத்தில் புதுமைதான் வெற்றி பெறுகிறது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகியோர் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நீல ஒளியிலிருந்துதான் வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. பழைய பல்பு இருந்த இடத்தில் பொருந்தும் எல்.இ.டி. பல்புகளும் இப்போது உண்டு. அது 0.1 ஆம்பியர் மட்டும் இழுத்தால், அதே செல்கள் சுமார் 20 மணி நேரம் எரிக்கும். ஒளியும் முன்னதைவிட அதிகம். வாங்கும்போது பல்பின் வோல்ட் அளவு இரண்டு செல்லுக்கு ஏற்றதா என்று பாருங்கள். வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும்; ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று உள்ளே இருந்தால் நல்லது.

இன்னொரு குறை: நாள்தோறும் பயன்படுத்தினால் செல்கள் செலவும் குப்பையும் ஆகும். அதற்கும் வழி உண்டு. சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் வகைச் செல்களும் இதே பென்சில் அளவில் வருகின்றன, 1.2 வோல்ட் தருபவை. தினசரி வேலைக்கு அவற்றைப் போடலாம். ஆபத்துக் காலத்துக்கு உறை பிரிக்காத இரண்டு ஆல்கலைன் செல்களை அருகில் வைத்துக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

ஒரு சாதாரணத் துத்தநாக-கார்பன் செல் டார்ச்சை ஒளி மங்கும் வரை எரிய விடுங்கள். அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் போடுங்கள். ஒளி சற்றுக் கூடியிருக்கும். செல்லுக்குள் முனைகளின் அருகே தேங்கிய விளைபொருள்கள் ஓய்வின்போது பரவிக் கலைவதே காரணம். விட்டு விட்டு எரித்தால் செல் நீடிப்பதும் இதனால்தான்.

நினைவில் வையுங்கள்

பல மாதங்கள் பயன்படுத்தாவிட்டால் செல்களைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அவை கசிந்து சுருளையும் தகட்டையும் அரித்துவிடும். பழைய செல்லையும் புதுச் செல்லையும் கலக்காதீர்கள். நாங்கள் அன்று கலந்தது வேறு வழியின்றி! சாதாரணச் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. எந்தச் செல்லையும் நெருப்பில் போடக் கூடாது. விளக்கு எரியவில்லை என்றால் உடனே எறிந்துவிடாதீர்கள். தொடும் முனைகளை உப்புத் தாளால் தேய்த்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

என் பேத்தி இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். ஆண்டுதோறும் கார்த்திகை தீபத்தன்று மாலை அகல் விளக்குகளுக்குத் திரி போடும்போதே டார்ச்சையும் எடுத்துப் பார்க்கிறாள். எரிகிறதா, செல் கசிந்திருக்கிறதா, மாற்றுச் செல் இருக்கிறதா என்று சோதிக்கிறாள். புது விளக்குக்கும் மறக்காமல் சார்ஜ் ஏற்றி வைக்கிறாள். ஆனால் தலைமாட்டில் இருப்பது பழையதுதான். கடையில் எது அதிகமாக ஒளிர்கிறது என்பதைவிட, இருண்ட நேரத்தில் எதை நம்மால் மீண்டும் எரியவைக்க முடியும் என்பதே அவளுக்குப் பெரிதாகப்படுகிறது.

உங்கள் வீட்டு டார்ச் இப்போது எரிகிறதா? எழுந்து போய்ப் பாருங்கள்!