பெட்டிக்குள் வியர்க்கும் நாயகர்கள்

ஒரே அச்சில் வார்த்த ஸ்பைடர்மேன் பொம்மைகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் கண்ணைச் சுற்றிய கறுப்புக் கோடு மயிரிழை விலகியிருக்கும். இன்னொன்றில் மார்பிலுள்ள சிலந்தி சாய்ந்திருக்கும். முழங்கால் மூட்டு ஒன்றில் இறுக்கம், மற்றதில் தொளதொளப்பு. அதனால்தான் ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிப்பவர்கள் கடை அலமாரியிலிருந்து ஒரே பாத்திரத்தின் நாலைந்து பெட்டிகளை இறக்கி வரிசையாக நிறுத்துகிறார்கள். பெட்டியின் பிளாஸ்டிக் ஜன்னல் வழியே ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். இது பல வருடம் பழகி வந்த கண்.

2022இன் பிற்பகுதியில் அந்த ஜன்னல் மூடப்பட்டது. ஆறு அங்குல சூப்பர்ஹீரோ பொம்மைகளில் பெயர்பெற்ற 'மார்வல் லெஜண்ட்ஸ்' வரிசை, சுற்றுச்சூழல் காரணத்துக்காக முழுக்க அட்டையாலான பெட்டிக்கு மாறியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் உள்ளே இருப்பவரின் முகம் எப்படி வந்திருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்தான் தெரியும் என்றாகிவிட்டது. போதாக்குறைக்கு, புதுப் பொம்மையை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் உடைந்த பழையதை வைத்து ஒட்டி, கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும் மோசடியும் பெருகியது. அடுத்து வாங்கியவர் பெட்டியைத் திறந்தால், முப்பது வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவர் உள்ளே படுத்திருப்பார். சேகரிப்பாளர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2023இலேயே ஜன்னல் திரும்பி வரும் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. இந்த முறை தாவர மூலப்பொருளிலோ மறுசுழற்சியிலோ செய்த பிளாஸ்டிக்.

பொம்மைகளை உற்றுப் பார்த்து ஒப்பிடுவது வெட்டிவேலை அல்ல என்பதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. அமெரிக்கச் சுங்க விதியில் மனிதரைக் குறிக்கும் பொம்மைக்கு 12 சதவீத வரி, மற்ற விளையாட்டுப் பொருளுக்கு 6.8 சதவீதம் என்று இருந்தது. எக்ஸ்-மென் உருவங்களை இறக்குமதி செய்த நிறுவனம், "இவர்கள் மனிதர்கள் அல்லர்" என்று வழக்குப் போட்டது. நியூயார்க்கிலுள்ள பன்னாட்டு வர்த்தக நீதிமன்றத்தின் நீதிபதி அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்களை நேரில் வைத்துப் பரிசீலித்தார். கையிலிருந்து நீளும் நகம், இயந்திர உறுப்பு, விலங்கின் சாயல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, 2003 ஜனவரியில் அவை மனித உருவங்கள் அல்ல என்று தீர்ப்பளித்தார். மனிதர்களாக மதிக்கப்படப் போராடுபவர்களின் கதைதான் எக்ஸ்-மென். வரி மிச்சமானாலும் வாசகர்கள் மனம் நொந்தார்கள்.

ஒப்பிடும் பழக்கத்துக்கு அடிப்படை அளவுதான். 1964இல் வந்த ஜி.ஐ.ஜோ ஏறக்குறைய 12 அங்குலம். சிறுவர்கள் 'டால்' என்றால் வாங்க மாட்டார்கள் என்பதற்காகவே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1966இல், 'கேப்டன் ஆக்‌ஷன்' வந்தார். அந்த ஒரே உடலுக்கு சூப்பர்மேன் உடையும் போடலாம், பேட்மேன் உடையும் போடலாம், கேப்டன் அமெரிக்கா உடையும் போடலாம். டி.சி., மார்வல் என்ற போட்டிப் பதிப்பகங்களின் நாயகர்கள் ஒரே தோளில் மாறி மாறி ஏறினார்கள்.

1972இல் தொடங்கிய எட்டு அங்குலத் துணி உடை வரிசைதான் இன்றைக்கும் மூத்த சேகரிப்பாளர்களின் கண்ணில் நீர் வரவைப்பது. முதலில் வந்த நால்வர் சூப்பர்மேன், பேட்மேன், ராபின், அக்வாமேன். பின்னாலேயே ஸ்பைடர்மேனும் கேப்டன் அமெரிக்காவும் அதே உயரத்தில், அதே மாதிரி உடலில் வந்தார்கள். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் தோளோடு தோள் நின்ற காலம் அது. முதல் தயாரிப்பில் பேட்மேனின் முகமூடியைக் கழற்றலாம், உள்ளே புரூஸ் வெய்னின் முகம் தெரியும். கழற்ற முடிந்ததைக் குழந்தைகள் கழற்றினார்கள், தொலைத்தார்கள். பிறகு முகமூடி தலையோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ஆகவே அசல் முகமூடியோடு கிடைக்கும் பழைய பேட்மேனுக்கு விலை எகிறும். அதற்காகவே போலி முகமூடிகளும் செய்யப்படுகின்றன.

1984இல் பாதைகள் பிரிந்தன. ஒரு பக்கம் டி.சி. நாயகர்களின் 'சூப்பர் பவர்ஸ்'. இதில் சூப்பர்மேனின் இரு கால்களையும் சேர்த்து அழுத்தினால் கை குத்து விடும், ஃபிளாஷின் கையை அழுத்தினால் கால் ஓடும். மறுபக்கம் மார்வல் நாயகர்களின் 'சீக்ரெட் வார்ஸ்'. இதற்காகவே பன்னிரண்டு இதழ் கொண்ட காமிக்ஸ் தொடர் ஒன்று எழுதப்பட்டது. பொம்மைக்குக் கதை பிறந்தது, கதைக்குப் பொம்மை அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது உழைப்பு, எது அவசரம் என்று குழந்தைக்கும் தெரியும். சூப்பர் பவர்ஸின் தசையமைப்பு காமிக்ஸ் ஓவியத்திலிருந்து எழுந்து வந்தது போலிருக்கும். சீக்ரெட் வார்ஸில் பல நாயகர்களுக்கு ஏறக்குறைய ஒரே உடல், தலையும் வண்ணமும்தான் வேறு. ஆனாலும் அதிலும் வேட்டை உண்டு. அந்த வரிசையின் வுல்வரினுக்கு வெள்ளி நகமும் உண்டு, கறுப்பு நகமும் உண்டு. கிராக்கி கறுப்புக்குத்தான்.

நாட்டுக்கு நாடு மாறும் விநோதங்கள் தனி. சூப்பர் பவர்ஸில் பேட்மேனின் எதிரியான ரிட்லர் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. அர்ஜென்டினாவில் மட்டும் வந்தார். அங்கே புதிதாக அச்சு செய்யவில்லை, பச்சை விளக்கு வீரரான கிரீன் லான்டர்னின் அச்சையே எடுத்து ரிட்லராக வண்ணம் தீட்டிவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் ஒரே தாடை, ஒரே தோள். இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் ஒன்று உரிமம் பெற்றுத் தயாரித்த சிறிய ஜி.ஐ.ஜோக்கள் அமெரிக்கப் பதிப்பில் இல்லாத வண்ணங்களில் வந்தன. நம் ஊர்ப் பொட்டிக்கடைக்குப் பக்கத்துக் கடையில் தொங்கிய அட்டைகளை இன்று வெளிநாட்டவர் தேடி வாங்குகிறார்கள்.

2020இல் வந்த பேட்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒன்றாக நிறுத்தினால் கண் உறுத்தும். அந்த வருடம் டி.சி. நாயகர்கள் ஏழு அங்குல வரிசைக்கு மாறினார்கள், மார்வல் நாயகர்கள் ஆறு அங்குலத்திலேயே நின்றார்கள். ஆறடி இரண்டு அங்குல மனிதரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கென்றால் ஏழரையை நெருங்கும். இந்த ஓர் அங்குலம்தான் சேகரிப்பாளர்களின் அலமாரியை இரண்டாகப் பிரிக்கிறது.

இத்தனை நுணுக்கமாகப் பார்க்கும் கண்கள் ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கத் தவறுகின்றன. பிளாஸ்டிக் உயிரற்ற பொருள்தான், ஆனால் நிலையான பொருள் அல்ல.

பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பானது. தண்ணீர்க் குழாய் செய்வது அதில்தான். அதே பொருள் மேலங்கியாக மடியவும் முகமூடியாக வளையவும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மை கொண்ட வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். கலக்கிறார்களே தவிர, அது பி.வி.சி.யோடு வேதிமுறையில் பிணைவதில்லை. வருடங்கள் போகப்போக மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வரும். சூடு அதை விரட்டும். திறந்த அலமாரியில் இருந்தால் மேலே வந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். பிரிக்காத பெட்டிக்குள் போக வழியில்லை, உருவத்தின் மேலேயே தேங்கி வியர்த்தது போலப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும், வண்ணம் இளகும், கைபட்டால் ரேகை பதியும். மென்மையான கையுறையோ பூட்ஸோ கெட்டியான பிளாஸ்டிக் கையோடு ஒட்டியே வருடக்கணக்கில் இருந்தால் இன்னும் மோசம். மென்மையான பகுதியிலிருந்து வெளியேறும் பிளாஸ்டிசைசர் கெட்டிப் பகுதியை உருக்கித் தழும்பு போட்டுவிடும். அந்தத் தழும்பு போகாது.

வெள்ளை உருவங்களுக்கு வேறு வியாதி. ஏ.பி.எஸ். என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் ரப்பர் தன்மைக்காகச் சேர்க்கும் பகுதி வெளிச்சத்தின் புற ஊதாக் கதிரிலும் ஆக்ஸிஜனிலும் சிதைந்து மஞ்சளாகும். 2008 வாக்கில் பழைய கணினிப் பிரியர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கும் முறையைப் பரப்பினார்கள், பொம்மைக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். வெளுக்கும், பிறகு மஞ்சள் திரும்பியும் வரும். எட்டு அங்குல நாயகர்களின் கதை வேறு. அவர்களின் கைகால்களை உள்ளேயிருந்து இழுத்துப் பிடிப்பது எலாஸ்டிக் நாடா. அது நைந்துபோனால் பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பவர் தளர்ந்து தொங்கிவிடுவார்.

இங்கேதான் தரச்சான்று வியாபாரம் கவலை தருகிறது. ஒரு பொம்மையைக் கொடுத்தால், அட்டை, பிளாஸ்டிக் குமிழ், உருவம் என்று தனித்தனியாகப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் உறைக்குள் அடைத்து முத்திரை குத்தித் தருவார்கள். 85 வாங்கியதற்கும் 90 வாங்கியதற்கும் விலையில் பெரும் பள்ளம். அந்த எண் கொடுத்த நாளின் உண்மை. உறைக்குள் இருக்கும் பி.வி.சி.க்கு அந்த எண்ணோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. பத்து, பதினைந்து வருடம் கழித்து ஏலத்துக்கு வரும்போதும் அதே எண்ணைக் காட்டியே கைமாறுகிறது. 2003இல் ஜி.ஐ.ஜோவின் முதல் மாதிரி உருவம் இரண்டு லட்சம் டாலருக்கு விலைபோன பிறகு, பொம்மையைப் பங்குச் சந்தைபோலப் பார்க்கும் கூட்டம் வளர்ந்துவிட்டது. அவர்கள் வாங்குவது எண்ணை. உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. பிரிக்காத பெட்டி அதன் காலத்தின் ஆவணம், அட்டை ஓவியத்துக்கும் மதிப்பு உண்டு என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆவணத்தைப் பாதுகாக்கும் எந்த அருங்காட்சியகமும் ஒருமுறை பூட்டிவிட்டு மறந்துவிடுவதில்லை.

நம் ஊரில் இந்தக் கவலை இரட்டிப்பாக வேண்டும். பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அத்தனை செலவழித்து வரவழைத்ததைப் பெரும்பாலோர் எங்கே வைக்கிறார்கள்? மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் லாஃப்ட்டில். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த இடம் அடுப்பு. கூடவே போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சும், அட்டை நெளியாமல் காக்கும். பிளாஸ்டிசைசரை அது தடுக்காது. திருகிலும் ரிவெட்டிலும் துரு ஏறுவதைக் குறைக்கும், அவ்வளவே.

குழந்தைகள் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்களில் மூன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் எல்லாப் பொம்மைகளிலும் 0.1 சதவீதம் என்று வரம்பு விதித்தன. அதற்கு முந்தைய பொம்மைகளுக்கு அந்த வரம்பு இல்லை. பிரிட்டனில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பயன்படுத்திய சுமார் 200 பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து, பலவற்றில் ஈயமும் காட்மியமும் இருப்பதைக் காட்டியது. அப்பாவின் 1984 சூப்பர்மேனை மகன் கையில் கொடுக்கலாம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது.

பிசுபிசுத்த உருவத்தைக் காப்பாற்ற வழி உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது விட்டு, மென்பிரஷால் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். கழுவ வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். அங்கேதான் பலருக்குக் கை நடுங்குகிறது. மேலங்கி, கையுறை, ஆயுதம் போன்ற மென்பகுதிகளைக் கழற்றித் தனியாக வைப்பதும், நேர் வெயிலும் டியூப்லைட்டும் படாத இடத்தில் வைப்பதும், லாஃப்ட்டைக் காலி செய்து வீட்டின் குளிர்ச்சியான உள்ளறை அலமாரிக்கு மாற்றுவதும் செலவில்லாத காரியங்கள்.

பழைய பெட்டியை வாங்கப்போகிறவர் விற்பவரிடம் மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும். தர எண் எந்த வருடம் போட்டது? இத்தனை காலமும் எந்த ஊரில், எந்த அறையில் இருந்தது? மென்மையான பகுதி உடலைத் தொடும் இடத்தை நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த படம் கிடைக்குமா? தரச்சான்று தருபவர்களும் உறையின் மேல் எண்ணுக்குப் பக்கத்திலேயே பரிசோதித்த தேதியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்யாத பொம்மையின் எண் காலாவதியானது என்று அறிவிக்க வேண்டும்.